'ம்' என்பது பதில் இல்லை

போன வாரம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்து, "நீங்க என்ன, எருமை மாடா?" என்று கேட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு எங்கள் வார்டுக்கு வந்தவர். பக்கத்தில் அவர் மகன் கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சிஸ்டர் பேசறீங்க? அவர் யாருன்னு தெரியுமா? தஞ்சாவூர்ல பாதிப் பேரு அவர்கிட்ட படிச்சவங்க" என்று குதித்தான். நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெட்மாஸ்டர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருடி நீ, மூதேவி!" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பேச்சு ஐந்து என்று சார்ட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

மகன் மேலே புகார் கொடுத்தான். கொடுக்கட்டும். இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். என் மேல் வந்த புகார்கள் எல்லாம் கடைசி ஆறு வருஷத்தில் வந்தவைதான். அதற்கு முன்னால் நான் தங்கமான சிஸ்டர். குணமாகிப் போகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த நல்ல பேர் எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர்.

தலையில் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்வது தனி வேலை. கால் உடைந்தவனைத் தூங்க வைத்தால் புண்ணியம். காய்ச்சல்காரனைத் தூங்க வைத்தால் புண்ணியம். தலையில் அடிபட்டவனை எழுப்பாமல் தூங்க விட்டால் பாவம். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிகிறதா என்று எட்டிப் பார்க்க ஜன்னலா இருக்கிறது? மணிக்கொரு தடவை எழுப்ப வேண்டும். கூப்பிட்டால் கண் திறக்கிறானா, கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்கிறானா, சொன்னால் கையைத் தூக்குகிறானா என்று பார்த்து மார்க் போட வேண்டும். கண்ணுக்கு நாலு, பேச்சுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு. மொத்தம் பதினைந்து. ஒன்றுக்குமே அசையாதவனுக்கும் மூன்று உண்டு, செத்த பிணம்கூட இந்தப் பரீட்சையில் மூன்று மார்க் வாங்கிவிடும். முந்தின மணியைவிட இரண்டு மார்க் குறைந்தால் செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். படித்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

கூப்பிட்டு எழவில்லை என்றால் வலி கொடுத்து எழுப்ப வேண்டும். தோளில் கழுத்தை ஒட்டியிருக்கிற சதையைப் பிடித்து முறுக்க வேண்டும், அல்லது விரல் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்த வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது நர்ஸ் செய்கிற காரியமாகத் தெரியாது, போலீஸ்காரன் செய்கிற காரியமாகத்தான் தெரியும்.

எங்கள் வார்டில் அதை மனசாரச் செய்தவள் ஒருத்தி இருந்தாள். மாயவரம் பக்கத்துக்காரி, நானும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். நோயாளிகளோடு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பேர் கிள்ளி சிஸ்டர். சோழ ராஜாக்களுக்குக் கிள்ளி என்று பட்டம் இருந்ததாம். எங்கள் கிள்ளிக்கு அந்தப் பட்டம் நோயாளிகளின் தோளில் கன்றிப்போன தடங்களால் கிடைத்தது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. "எவன் திட்டுறானோ அவன் பொழைச்சான். வாயத் தொறந்து நல்லா திட்டட்டும், அதுக்குத்தானே கிள்ளுறேன்" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். ஆனால் அவள் கட்டில் பக்கத்தில் போனாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பதையும், நான் போனதும் அந்த முகங்கள் மலர்வதையும் பார்க்கும்போது எனக்குள் ஒரு குளுகுளுப்பு வரும். அதற்குப் பேர் என்ன என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முந்தின புரட்டாசி. குறுவை அறுவடை முடிந்து, ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று ஊரெல்லாம் தார் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். ரோட்டில் பாதி நெல், ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்கக் கல் வரிசை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரிலிருந்து காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போன ஒருவர், எதிரே பஸ் வந்ததென்று வண்டியை நெல்லின் மேல் ஏற்றியிருக்கிறார். சக்கரம் சறுக்கி, அந்தக் கல்லிலேயே தலை மோதியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர் அவர். ஹெல்மெட் பெட்ரோல் டாங்க்கின் மேல் பத்திரமாக இருந்ததாம், ஒரு கீறல் இல்லையாம்.

முப்பத்திரண்டு வயது. மூட்டை தூக்கித் தூக்கி இறுகிய தோள். ஸ்கேனில் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே வலது பக்கம் சின்னதாக ஒரு ரத்தக்கட்டி. "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். அது பெருசாகாம இருந்தா தானா கரைஞ்சிடும். பெருசானா உடனே தொறக்கணும். கண்கொத்திப் பாம்பா பாருங்க" என்று டாக்டர் சொன்னார். கூட வந்த மாமா ஒருவர், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். இன்றைக்கும் யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலை ஷிப்ட் கிள்ளியுடையது. அரை மணிக்கு ஒரு தடவை அவரை முறுக்கி எடுத்திருக்கிறாள். ஒன்றரை மணிக்கு நான் வந்தபோது அவர் மனைவி வார்டு வாசலில் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். வயலில் நின்ற சேற்றுக்காலோடு வந்திருந்தாள், கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. "பேயும் இரங்கும் சிஸ்டர், அந்தம்மா இரங்க மாட்டேங்குது. தூங்குற மனுசன அந்தக் கிள்ளு கிள்ளுது" என்றாள்.

கிள்ளி என்னிடம் நோயாளியை ஒப்படைத்தது இப்படித்தான். "பதினாலு. என்ன மாசம்னு கேட்டா ஆடிங்கறான், அதான் பேச்சுல ஒண்ணு கொறைச்சிருக்கேன். மத்தபடி சுத்தம். ஒரு மணிக்கு எங்க அம்மாவ இழுத்துத் திட்டினான். திட்டுற வரைக்கும் பயமில்லடி. திட்டு நின்னுச்சுன்னா டாக்டரக் கூப்பிடு. உன் மெத்து மெத்துக் கையால தடவிக் குடுத்துக்கிட்டு நிக்காத, நல்லா கிள்ளு."

"எனக்குத் தெரியாதா? நீ போ" என்றேன்.

இரண்டு மணிக்குப் போய்த் தோளைத் தட்டினேன். கண்ணைத் திறந்தார். பேர் கேட்டேன், சொன்னார். ஊர் கேட்டேன், சொன்னார். "வுடுங்க, தூங்கணும்" என்று திரும்பிப் படுத்தார். பதினாலு. எழுதினேன். அது சரியான மார்க்தான், அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மனைவி என் பின்னாலேயே வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். ராத்திரி பூரா லோடு ஏத்திட்டு வந்தாங்க. விடியக்காலம் ரெண்டு மணி நேரம் படுத்துட்டு மறுபடி கெளம்பினாங்க. அதான் கண்ணு சொக்கி வண்டிய நெல்லுல வுட்டுட்டாங்க. கொஞ்சம் தூங்கட்டும் சிஸ்டர். தூங்கினா சரியாப் போயிடும். நீங்க அந்தம்மா மாதிரி இல்ல, பாத்தாலே தெரியுது."

பாத்தாலே தெரியுது! இந்த இரண்டு வார்த்தைக்கு நான் விலைபோனேன்.

மூன்று மணிக்குப் போய்க் குனிந்து, "அண்ணே" என்று கூப்பிட்டேன். கண் பாதி திறந்து மூடியது. "தலை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.

"தண்ணி வேணுமா?"

"ம்."

"சரி, தூங்குங்க."

"ம்."

மூன்று கேள்விக்கு மூன்று பதில். பக்கத்திலிருந்த மனைவி முகமெல்லாம் சிரிப்பாக, "எங்க வூட்டுக்காரங்க எப்பவுமே இப்படித்தான் சிஸ்டர். நான் பத்து வார்த்த பேசினா ஒரு 'ம்'. சரியான கல்லுளிமங்கன்" என்றாள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். பதினாலு என்று எழுதினேன்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் மட்டும் விழக்கூடிய பள்ளம் இருக்கிறது. புரியாத வெறும் முனகலுக்கு இரண்டு மார்க்தான் என்று சார்ட் சொல்கிறது. அந்தச் சார்ட்டை வகுத்தவர்கள் வீட்டில் 'ம்' கொட்டுகிற ஆள் இருந்திருக்க மாட்டார். நமக்கு 'ம்' முனகலா? அது ஒரு முழு வாக்கியம். ஒரு குடும்பமே அந்த ஒற்றை எழுத்தில் ஓடும். சோறு போடட்டுமா, ம். பொண்ணு பார்க்க வரச் சொல்லட்டுமா, ம். கதை சொன்னாலும் ம், கோபம் வந்தாலும் ம், கேட்காமலே கேட்ட மாதிரி இருக்கவும் ம். மூளை அமுங்கி, நினைவு போய்க்கொண்டிருக்கிறவன் தொண்டையிலிருந்து காற்றோடு வெளியே வருவதும் அதே ம்தான். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் கேள்வியில் இருக்க வேண்டும். "நீங்க செத்துட்டீங்களா?" என்று கேட்டிருந்தாலும் அவர் அன்றைக்கு "ம்" என்றுதான் சொல்லியிருப்பார். நான் அதைக் கேட்கவில்லை. தலைவலியையும் தண்ணியையும் கேட்டேன்.

நான்கு மணிக்கு மறுபடியும் போனேன். இந்தத் தடவை மனைவி வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று ஜாடை காட்டினாள். ஆனாலும் கூப்பிட்டேன், அந்த அளவுக்காவது செய்தேன். கண் திறக்கவில்லை. "ம்" மட்டும் வந்தது, சற்று நீளமாக. தோளில் கை வைத்தேன். கிள்ளத்தான் வைத்தேன். தோளில் ஏற்கனவே நாலைந்து இடத்தில் சதை கன்றி நீலமாக இருந்தது. மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன்.

நாடி ஐம்பத்தெட்டு. காலையில் எண்பத்துநாலு. நல்ல தூக்கத்தில் நாடி இறங்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளட் பிரஷர் நூற்று அறுபது. வலியில் ஏறும்தானே என்று அதற்கும் ஒரு சமாதானம். நாடி இறங்குகிறது, பிரஷர் ஏறுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் என் கையாலேயே எழுதுகிறேன். தலைக்குள் அழுத்தம் கூடினால் வருகிற அடையாளம் அந்த ஜோடிதான் என்று முதல் வருஷத்துப் பிள்ளைகூட ஒப்பிக்கும். என் கண்ணுக்கு அது இரண்டு எண்களாகத்தான் தெரிந்தது. கண்ணிருந்தும் குருடு என்பார்களே, அதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஐந்து மணிக்கு அவர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். பலமான குறட்டை, நான் உட்கார்ந்திருந்த மேசை வரைக்கும் கேட்டது. மனைவி அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். நான் எழுந்து போகவில்லை. மேசையில் இருந்தபடியே ஐந்து மணி என்று எழுதி, மேலே இருந்த பதினாலைப் பார்த்துக் கீழே இன்னொரு பதினாலு போட்டேன். உயிரோடு இருக்கிறான் என்பதற்குக் குறட்டையைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது. தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கிற சத்தம் அது. எனக்கு அது தெரியும். அன்றைக்கு முந்தின நாளும் தெரியும், மறுநாளும் தெரியும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை.

ஐந்தே முக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டது. கிள்ளி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். கடைத்தெருவுக்குப் போக வேண்டும், வார்டில் வைத்த குடையை எடுக்கலாம் என்று வந்தவள், உள்ளே கால் வைக்கும்போதே நின்றுவிட்டாள்.

"யாரு இந்தக் குறட்டை?" என்றாள்.

"அவருதான். நல்லா தூங்குறாரு."

"எவ்வளவு நேரமா?"

நான் பதில் சொல்லும் முன்பே கட்டிலுக்கு ஓடினாள். முடியெல்லாம் மழைத்தண்ணீர் சொட்ட, அவர் தோளைப் பிடித்து முழு பலத்தோடு முறுக்கினாள். மனைவி, "அய்யோ, வுடுடி! வுடுடி பாவி!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திட்டவில்லை. கையைத் தட்டிவிடவில்லை. இடது கை மட்டும் விறைத்து, உள்பக்கமாகத் திருகிக்கொண்டு நீண்டது. கிள்ளி அவர் இமையை விலக்கி டார்ச் அடித்தாள். வலது கண்ணின் பாப்பா முழுசாக விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் கறுப்பாக நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் வந்தார், குழாய் போட்டார்கள், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டி நாலு மடங்கு பெருத்திருந்தது. ஏழு மணிக்கு மண்டையைத் திறந்தார்கள். ரத்தத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் மூளை ஏற்கனவே நசுங்கிப் போயிருந்தது. நாலு நாள் மெஷினில் கிடந்தார். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார்.

ஊர்க்காரர்கள் நாற்பது பேர் திரண்டு வந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டும்போது தோளில் இருந்த நீலத் தடங்களையும் கறுத்துப்போன கட்டைவிரல் நகத்தையும் பார்த்திருக்கிறார்கள். "கிள்ளியே கொன்னுட்டாய்யா" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, உள்ளே நர்சிங் சூப்பிரண்டெண்டின் அறையில் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து விசாரித்தார்கள்.

கிள்ளி சார்ட்டை மேசையில் விரித்தாள். "அஞ்சு மணிக்குப் பதினாலாம். அஞ்சே முக்காலுக்கு நான் பாக்கும்போது நாலு. நடுவுல என்ன மேடம், இடி விழுந்துச்சா?" என்றாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். இந்த வகைக் கட்டி திடீரென்று பெருக்கலாம், முக்கால் மணி நேரத்தில் இப்படி ஆவதும் உண்டு என்றார். அதுவும் பொய்யில்லை. ஆகவும் செய்யும். சூப்பிரண்டெண்ட் என்னைப் பார்த்தார்கள். "நீங்க மூணு, நாலு, அஞ்சு மணிக்குப் பாத்தீங்களா? பேசினாரா?"

"பாத்தேன் மேடம். பேசினார்" என்றேன்.

"இவங்க கொஞ்சம் முரட்டுத்தனமா நடந்துக்குவாங்களா?"

கிள்ளி என் பக்கம் திரும்பவில்லை. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் வேகந்தான் மேடம். ஆனா வேலை தெரிஞ்சவங்க" என்றேன். அந்த 'ஆனா'வை நான் சேர்த்ததால் என் மனச்சாட்சி கொஞ்ச நாள் உயிரோடு இருந்தது.

அவளை வார்டிலிருந்து எடுத்து ஓ.பி.க்கு மாற்றினார்கள். ஊர்க்காரர்களை அனுப்ப நிர்வாகத்துக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. சளிக்கும் இருமலுக்கும் வருகிறவர்களுக்கு எடை பார்த்து, பிரஷர் பார்த்து, டோக்கன் கொடுக்கிற வேலை. இந்த டெல்டா முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஒரு ஜோடிக் கை, இன்றைக்கும் அங்கேதான் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறது. போகிற அன்றைக்கு அலமாரியைக் காலி செய்யும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாலு மணிக்கு என்ன பேசினான்?"

"'ம்'னார்."

"நான் பேச்சப் பத்திக் கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பேசவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் அற்றுப்போனது. படுத்தால் காதில் அந்தக் குறட்டை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் லேசாகக் குறட்டை விட்டாலும் எழுந்து உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்து முறுக்குவேன். "பைத்தியமாடி உனக்கு?" என்று அவர் கத்துவார். கத்தினால்தான் எனக்கு மூச்சு வரும். நாற்பது நாள் இப்படிப் போனது.

கருமாதி எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்க அந்தப் பெண் வந்தாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு, படியேறி என் வார்டுக்கும் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒங்களப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன் சிஸ்டர். இத்தன பேர்ல நீங்க ஒருத்தருதான் அவங்கள மனுசனாப் பாத்தீங்க. கடைசியா நிம்மதியாத் தூங்கினது ஒங்க புண்ணியத்துலதான். அத நெனச்சுத்தான் நான் மனசத் தேத்திக்கிறேன்" என்றாள்.

அவள் அதோடு போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீழ அவளப் பாத்தேன். சீட்டுக் குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா, கட்டையில போறவ. வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுத்தான் மேல வந்தேன். அவ கை அழுகிப் போவும் பாருங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லாதம்மா" என்றேன்.

"ஏன் சொல்லக் கூடாது?"

அவளை நர்ஸ்கள் சாப்பிடுகிற அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கீழே இருக்கிறவள் கிள்ளினது அவரைக் காப்பாற்றத்தான் என்று சொன்னேன். 'ம்' என்றது பதில் இல்லை என்று சொன்னேன். நாடி இறங்கினது, பிரஷர் ஏறினது, ஐந்து மணிக்கு நான் எழுந்தே வராமல் மார்க் போட்டது, ஒன்றையும் விடவில்லை. "தப்பு என்மேலதாம்மா. நான்தான் கிள்ளியிருக்கணும். என்ன நீ என்ன வேணாலும் செய்யி" என்றேன். என்னை அறைவாள் என்று நினைத்தேன். கீழே வாரின மண்ணில் மிச்சம் இருந்தால் என் தலையில் போடுவாள் என்று நினைத்தேன். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்ப வேண்டாம்னு நாந்தானே சொன்னேன்" என்றாள்.

"நீ சொன்னா நான் கேட்டிருக்கக் கூடாதும்மா. நீ என்னத்தக் கண்ட? படிச்சவ நான்."

"நாலு மணிக்கும் நாந்தானே சொன்னேன். வாயில வெரல வச்சு."

"அது உன் தப்பில்லம்மா."

"அப்ப அந்தக் கொறட்ட, தூக்கமில்லியா?"

"இல்லம்மா."

"நான் சந்தோசப்பட்டேனே சிஸ்டர்" என்றாள். "ஈ ஒக்காந்து முழிச்சுக்கப் போறாங்கன்னு முந்தானையால விசிறிக்கிட்டே இருந்தேனே. பக்கத்துக் கட்டில்ல ஒரு பாட்டி இருமினதுக்கு, சத்தம் போடாதன்னு சண்ட போட்டேனே." அவள் குரல் உயரவில்லை. ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லிக்கொண்டே போனாள். "மூணு மணிக்கு எழுப்பியிருந்தா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் அது எப்போதும் கையில் இருக்கிற வார்த்தை. எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, இதற்கு மட்டும் என்ன பொய் என்று எனக்கு ஒரு வீம்பு வந்தது.

"பொழைச்சிருப்பாரும்மா" என்றேன்.

வெளியே யாரோ சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நான் நகரவில்லை. அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"இத எங்கிட்ட ஏன் சிஸ்டர் சொன்னீங்க?" என்றாள்.

கீழே டோக்கன் கொடுக்கிறவளுக்காகச் சொன்னேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்காக என்றால் சூப்பிரண்டெண்டிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பெண் படியிறங்கிப் போனாள்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன், படுத்தேன். நாற்பது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.